‘பரோக்கியல்’: ஒரு சொல்லின் வேரைத் தேடிப் போவது எப்படி

ஆங்கிலத்தில் ஒருவரைப் பார்த்து ‘பரோக்கியல்’ (parochial) என்றால் அது குறை சொல்வது. தன் ஊர், தன் தெரு, தன் ஆட்கள், அதற்கு வெளியே என்ன நடந்தாலும் தனக்கென்ன என்று இருக்கிற மனசைக் குறிக்கிற சொல் அது. சின்ன ஊர்ப் புத்தி என்று நாம் பேச்சில் சொல்கிறோமே, அதற்கு ரொம்பப் பக்கத்தில் வரும்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அதில் ‘பரோக்கியல் ஸ்கூல்’ என்று வந்தது. எனக்குத் தெரிந்த ஒரே பொருளை வைத்து ‘குறுகிய மனப்பான்மை கொண்ட பள்ளி’ என்று எழுதிவிட்டேன். அமெரிக்காவில் அந்தப் பெயருக்கு ஒரு வட்டாரத்துத் தேவாலயம் நடத்துகிற பள்ளிக்கூடம் என்று மட்டும்தான் அர்த்தம், அதில் எந்தப் பழியும் இல்லை. அச்சாகி வந்த பிறகுதான் கவனித்தேன். அந்தப் பள்ளியில் படித்தவர்களைப் பற்றி வாசகர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்தால் இன்றைக்கும் உறுத்துகிறது.

அதற்கப்புறம், ஒரு சொல் இரண்டு இடத்தில் இரண்டு மாதிரி நடந்துகொள்கிறது என்று தெரிந்தால் அதன் வேர் வரைக்கும் போய்ப் பார்க்காமல் மேலே எழுதுவதில்லை. அந்த வேலையை எப்படிச் செய்வது என்று இதே சொல்லை வைத்துச் சொல்கிறேன். கையில் வேண்டியது கொஞ்சம்தான். சொல் வரலாறு தருகிற ஓர் ஆங்கில அகராதி வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி கிடைத்தால் மிக நல்லது, ஏனென்றால் ஒவ்வொரு பொருளும் எந்த ஆண்டு, யார் எழுத்தில் முதலில் கிடைக்கிறது என்று மேற்கோளோடு வரிசையாக வைத்திருப்பார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி வேண்டும். இந்தச் சொல்லுக்காக மட்டும் ஒரு தமிழ் பைபிளும் பக்கத்தில் இருக்கட்டும். அப்புறம் ஒரு நோட்டு.

அகராதியைத் திறக்கும் முன்னால்

சொல்லின் பொருளை முதலில் ஒரு காட்சியாக எழுதிக்கொள்ளுங்கள். ‘குறுகிய’ ‘பிற்போக்கான’ என்று இன்னொரு சொல்லைப் பக்கத்தில் எழுதி வைத்தால் ஒன்றும் கிடைக்காது, அந்த இன்னொரு சொல்லும் மங்கலாகத்தான் இருக்கும். நான் எழுதிய காட்சி இது: பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஊர்கள், நடுவில் எட்டு கிலோமீட்டர். அரசு மருத்துவமனை ஒன்று வரப்போகிறது. இரண்டு ஊருக்கும் நடுவில் கட்டினால் எல்லாருக்கும் வசதி. ஆனால் ஒரு பெரியவர் எழுந்து, எங்கள் ஊருக்குள் வராவிட்டால் அது வரவே வேண்டாம் என்கிறார். அவர் பத்து வருடம் துபாயில் இருந்தவர், படித்தவர், தினமும் மூன்று பத்திரிகை வாசிப்பவர்.

இந்தக் காட்சியை எழுதினதும் ஒன்று தெளிவானது. அந்தப் பெரியவருக்கு உலகம் தெரியும். தெரிந்தும் அவருடைய அக்கறை ஊர் எல்லைக்கல்லோடு நின்றுவிடுகிறது. பரோக்கியல் என்ற சொல் குறை சொல்வது அந்த இடத்தைத்தான்.

அதனால்தான் இதற்குக் ‘கிணற்றுத் தவளை’ என்று போடுவது பல இடங்களில் சரியாக வராது. தவளை கடலைப் பார்த்ததே இல்லை, அதன் குறை அறியாமை. சமஸ்கிருதத்தில் கூபமண்டூகம், சீனாவில் ஜுவாங்சி என்ற பழைய தத்துவஞானி சொன்ன கிணற்றுத் தவளையும் கிழக்குக் கடல் ஆமையும், 1893 செப்டம்பர் 15 அன்று சிகாகோவில் விவேகானந்தர் சொன்ன தவளைக் கதை, எல்லாம் அந்த வகை. நம் அப்பர் தவளையை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் ஆமையையே வைத்தார்:

கூவ லாமை குரைகட லாமையைக்
கூவலோ டொக்குமோ கடல் என்றல்போல்

கூவல் என்றால் கிணறு. கிணற்று ஆமை கடல் ஆமையைப் பார்த்து, உன் கடல் என் கிணற்றளவு இருக்குமா என்று கேட்கிறது. ஐந்தாம் திருமுறையில் வருகிறது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, இரண்டுமே ஒரே இனமாக இருப்பது. இருக்கிற இடம்தான் வேறு. இருந்தாலும் அதுவும் அளவு தெரியாத குறைதான். மருத்துவமனைக் கூட்டத்தில் பேசின பெரியவர் வேறு ஆள். இரண்டையும் நோட்டில் தனித்தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மொழிபெயர்க்கும்போது உதவும்.

ஒட்டைக் கழற்றிப் பாருங்கள்

இப்போது சொல்லின் கடைசியில் இருக்கிற ‘-அல்’ ஒட்டைக் கழற்றுங்கள். அது ‘சம்பந்தப்பட்ட’ என்று மட்டும் சொல்கிற ஒட்டு, நேஷனல், லோக்கல் எல்லாவற்றிலும் இருக்கிறது. மிச்சம் நிற்பது லத்தீன் ‘பரோக்கியா’. அகராதியில் அதைத் தேடினால் நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு சொல் பக்கத்தில் வந்து நிற்கும்: பாரிஷ். இரண்டும் ஒரே சொல்தான், இரண்டு வாசல் வழியாக ஆங்கிலத்துக்குள் வந்திருக்கிறது. பாரிஷ் பிரெஞ்சுக்காரர்களின் வாயில் தேய்ந்து வந்தது, பரோக்கியல் லத்தீன் உருவத்தை அதிகம் விடாமல் வந்தது.

பாரிஷ் என்றால் ஒரு குருவின் பொறுப்பில் இருக்கிற தேவாலய எல்லை. தமிழ்க் கத்தோலிக்கர்கள், இங்கேயும் இலங்கையிலும், அதைப் ‘பங்கு’ என்பார்கள், அந்தக் குரு பங்குத்தந்தை. தென்னிந்தியத் திருச்சபையில் ‘சேகரம்’ என்ற சொல் புழங்குகிறது. ஆக, பரோக்கியல் என்பதன் முதல் பொருள் ‘பங்கைச் சேர்ந்த’ என்பதுதான். 14ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஆங்கிலத்தில் அந்தப் பொருளில் இருக்கிறது. நான் தப்பு செய்த அந்தப் பள்ளிக்கூடம் இந்தப் பழைய பொருளைத்தான் தாங்கி நின்றது.

இந்த இடத்தில் ஒரு வேலை செய்யுங்கள். அந்தச் சொல்லுக்கு வேறு நாடுகளில் என்ன ஆயிற்று என்று ஒரு சுற்று பாருங்கள். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் மாவட்டம் மாதிரியான நிர்வாகப் பிரிவுக்கே பாரிஷ் என்றுதான் பெயர், மொத்தம் 64 இருக்கின்றன. ஜமைக்காவில் 14. ஸ்பானிஷ் மொழியில் ‘பரோக்கியானோ’ என்றால் பங்குக்காரர் என்றும் அர்த்தம், ஒரு கடைக்கு வழக்கமாக வருகிற வாடிக்கையாளர் என்றும் அர்த்தம். எங்குமே வசவு இல்லை. அப்படியென்றால் குறை சொல்கிற பொருள் வேரிலிருந்து வரவில்லை, வழியில் எங்கோ ஏறியிருக்கிறது. எங்கே என்று கண்டுபிடிக்கத்தான் மேலே போகிறோம்.

மேலே ஏறும்போது ஒவ்வொரு படியிலும் பொருளைக் கேளுங்கள்

லத்தீனுக்கு மேலே கிரேக்கம். அங்கே ‘பரோய்க்கியா’. ‘பரா’ என்றால் பக்கத்தில், ‘ஒய்க்கோஸ்’ என்றால் வீடு. எக்கானமி, எக்காலஜி இரண்டிலும் இருக்கிற அதே வீடு. இதுவரை படித்ததும் நிறையப் பேர், ‘சரி, வீட்டுக்குப் பக்கத்தில், அதாவது அக்கம்பக்கம், அதனால் குறுகிய மனசு’ என்று முடித்துவிடுவார்கள். அழகாகப் பொருந்துகிறது, ஆனால் தப்பு. உறுப்புகளைப் பிரித்துப் போட்டால் மட்டும் பொருள் கிடைத்துவிடாது. அந்த முழுச்சொல்லை அந்த ஊர்க்காரர்கள் யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்று தேட வேண்டும்.

அவர்கள் ‘பரோய்க்கோஸ்’ என்று சொன்னது வெளியூர்க்காரரை. ஊருக்குள் குடியிருப்பார், ஆனால் ஊர்க்காரர் இல்லை. உரிமை முழுசாக இருக்காது. நம் பேச்சில் சொன்னால் பிழைக்க வந்தவர், அசலூர்க்காரர்.

இதைத் தமிழிலேயே சரிபார்க்கலாம், அதற்குத்தான் பைபிளை எடுத்து வைக்கச் சொன்னேன். புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டது. பேதுரு எழுதிய முதல் நிருபம், இரண்டாம் அதிகாரம், 11ஆம் வசனத்தில் ‘அந்நியரும் பரதேசிகளுமாயிருக்கிற’ என்று பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் வரும். அங்கே ‘அந்நியர்’ என்று இருப்பது கிரேக்கத்தில் பரோய்க்கோஸ். அதே நிருபம் முதல் அதிகாரம் 17ஆம் வசனத்தில் ‘இங்கே பரதேசிகளாய்ச் சஞ்சரிக்குமளவும்’ என்று வரும். அங்கே கிரேக்கத்தில் இருப்பது அச்சாக அந்தப் பரோய்க்கியாவேதான். எபிரெயர் 11:9இல் ஆபிரகாம் வாக்களிக்கப்பட்ட தேசத்திலே ‘பரதேசியைப்போலச் சஞ்சரித்து’ கூடாரங்களில் குடியிருந்தான் என்பதும் அதே வேரின் வினைச்சொல்.

முதன்முதலில் இதை வரிக்கு வரி வைத்துப் பார்த்த அன்று எனக்கு அப்புறம் வேறு வேலை ஓடவில்லை. ஊர்வெறிக்குப் பெயரான சொல்லுக்கு மூலச்சொல், ஊரில்லாதவனின் பெயர்.

ஆதிக் கிறிஸ்தவர்கள் தங்களை அப்படித்தான் அழைத்துக்கொண்டார்கள். முதல் நூற்றாண்டின் இறுதியில் ரோமிலிருந்து கொரிந்துக்குப் போன ஒரு கடிதம், கிளெமென்ட் எழுதியது என்று சொல்வார்கள், ‘ரோமில் அந்நியமாய்த் தங்கியிருக்கிற கடவுளின் சபை, கொரிந்தில் அந்நியமாய்த் தங்கியிருக்கிற கடவுளின் சபைக்கு’ என்கிற பொருளில்தான் ஆரம்பிக்கிறது. இந்த உலகத்தில் நாம் குடியேறி வந்தவர்கள், சொந்த ஊர் வேறெங்கோ இருக்கிறது என்ற நினைப்பு. அப்படித் தங்கியிருக்கிற கூட்டத்துக்குப் பரோய்க்கியா என்று பெயராகி, கூட்டத்தின் பெயர் மெல்ல அந்தக் கூட்டம் இருக்கிற இடத்தின் பெயராகி, அந்த இடத்துக்கு எல்லை போடப்பட்டு, எல்லைக்குள் ஞானஸ்நானமும் கல்யாணமும் அடக்கமும் தசமபாகமும் வந்து சேர்ந்தபோது, தற்காலிகமாகத் தங்கியிருக்கிறோம் என்ற பொருள் அதிலிருந்து முழுசாகக் கழன்றுவிட்டது.

லத்தீனில் இந்தச் சொல் பரோய்க்கியாவிலிருந்து பரோக்கியா என்று திரும்பியதற்கு, ‘பரோக்குஸ்’ என்று அங்கே முன்பே இருந்த ஒரு சொல்லின் சாயல் பட்டதும் காரணம் என்பார்கள். பரோக்குஸ் என்பவர் ரோம அரசின் வேலையாகப் பயணம் போகிறவர்களுக்கு வழியில் விறகும் உப்பும் கொடுக்க வேண்டிய ஊர்ப் பொறுப்பாளர். அங்கேயும் வழிப்போக்கர்தான்.

திருப்பம் நடந்த இடத்தில் உட்கார்ந்துவிடுங்கள்

வேர் தேடுகிறவர்கள் பொதுவாக இங்கேதான் அவசரப்படுகிறார்கள். கிரேக்க மூலம் கிடைத்ததும் புத்தகத்தை மூடிவிடுவார்கள். ஆனால் ‘வெளியூர்க்காரர்’ எப்படி ‘வெளியூர்க்காரரை ஏற்காத மனசு’ ஆனது என்பதற்குக் கிரேக்கத்தில் பதில் கிடையாது. அதற்கு இங்கிலாந்தின் சட்டப் புத்தகத்துக்குப் போக வேண்டும். சொல்லின் பொருள் சட்டென்று திரும்பினால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் யாருடைய பணம், யாருடைய வரி இருந்தது என்று கேளுங்கள். எனக்கு இந்தக் கேள்வி பல சொற்களில் கைகொடுத்திருக்கிறது.

1601இல் எலிசபெத் அரசியின் காலத்தில் வந்த ஏழைகள் சட்டம், ஒவ்வொரு பாரிஷும் தன் ஏழைகளைத் தானே காப்பாற்ற வேண்டும், அதற்கு அந்த பாரிஷில் வீடு, நிலம் வைத்திருப்பவர்களிடமே வரி வாங்க வேண்டும் என்றது. அந்தக் காலத்துக்கு இது பெரிய காரியம், பசித்தவருக்குச் சோறு போடுவது ஊரின் கடமை என்று சட்டமே சொல்கிறது. ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 15,000 பாரிஷ்கள். ஒவ்வொன்றும் தன் வரிக்காசைத் தானே எண்ணிக்கொண்டிருந்தது. அப்போது வருகிற முதல் கேள்வி: இந்த ஏழை எங்கள் ஏழையா, பக்கத்து ஊர் ஏழையா?

1662இல் அதற்கும் சட்டம் வந்தது. புதிதாக ஓர் ஊருக்கு வந்தவர் பின்னால் ஊருக்குப் பாரமாகக்கூடும் என்று தோன்றினால் போதும், வந்த 40 நாளுக்குள் பாரிஷ் பொறுப்பாளர்கள் புகார் கொடுத்து, இரண்டு நீதிபதிகளின் உத்தரவோடு அவரைப் பழைய ஊருக்கே திருப்பி அனுப்பலாம். வருடத்துக்கு 10 பவுண்டு வாடகையுள்ள இடத்தில் குடியிருந்தால் தொடமாட்டார்கள். கூலிக்காரருக்கு அதெல்லாம் எட்டாத தொகை. அவர் இன்னும் யாரிடமும் கை நீட்டியிருக்க வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். நீட்டக்கூடும் என்ற சந்தேகமே போதுமானதாக இருந்தது. 1795இல்தான், உண்மையிலேயே உதவி கேட்டு நின்றால் ஒழிய அனுப்பக் கூடாது என்று மாற்றினார்கள். நடுவில் 133 வருடம்.

திருமணமாகாத தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்குப் பிறந்த பாரிஷே சொந்த பாரிஷ் என்று விதி இருந்ததால், நிறைமாதப் பெண்களைப் பிரசவத்துக்கு முன்னால் எல்லை தாண்டித் தள்ளிவிடுவதும் நடந்தது. 1697இல் வந்த சட்டப்படி, உதவி வாங்குகிற ஏழைகள் சட்டையின் வலது தோளில் ‘பி’ என்ற பெரிய எழுத்தும் பாரிஷ் பெயரின் முதல் எழுத்தும் வெட்டின சிவப்பு அல்லது நீலத் துணியை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தைத்துக்கொள்ள வேண்டும். 1776இல் பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் இதைப் பற்றி எழுதும்போது, ஒரு ஏழைக்குக் கடலின் ஒரு கிளையையோ மலைத்தொடரையோ தாண்டுவதைவிட பாரிஷின் செயற்கையான எல்லையைத் தாண்டுவது பல நேரம் கடினமாக இருக்கிறது என்றார்.

எல்லை எது என்பதை மறக்காமல் இருக்க ஒரு சடங்கும் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை, இயேசு விண்ணேறிய திருநாளை ஒட்டிய நாட்களில், ஊரே கூடி பாரிஷ் எல்லையைச் சுற்றி நடந்து எல்லைக்கற்களைக் கோலால் தட்டிக்கொண்டு போவார்கள். சின்னப் பையன்களையும் கூட்டிப்போய்ச் சில இடங்களில் அவர்களைக் கல்லில் மோதுவார்கள், அல்லது பிரம்பால் ஓர் அடி வைப்பார்கள், வலித்த இடம் ஆயுசுக்கும் மறக்காது என்பதற்காக. எல்லை என்பது உடம்பில் ஏற்றப்பட்ட நினைவாகவே இருந்திருக்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான்: பரோக்கியல் என்ற சொல்லில் இருக்கிற குறுகல், கிராமத்துக்காரர்களின் இயல்பு என்று யாரோ பட்டணத்துக்காரர் கண்டுபிடித்துச் சொன்னது இல்லை. அக்கறைக்கு ஊர் எல்லையைக் கணக்காக வைத்து, எல்லைக்கு வெளியே இருப்பவருக்குச் செலவழித்தால் உன் பை குறையும் என்று 200 வருடத்துக்கு மேல் சட்டம் பழக்கின பழக்கம் அந்தச் சொல்லில் படிந்திருக்கிறது. இது என் வாசிப்பு, ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் நீங்களும் இங்கேதான் வந்து நிற்பீர்கள் என்று நினைக்கிறேன்.

1834இல் பாரிஷ்களை ஒன்றியங்களாகச் சேர்த்துப் புதிய ஏழைகள் சட்டம் வந்தது. அதற்குச் சில வருடம் கழித்து டிக்கன்ஸ் எழுதிய ‘ஆலிவர் ட்விஸ்ட்’ கதையில் பம்பிள் என்ற பாரிஷ் சேவகர் வருவார், பரோக்கியல் என்ற சொல்லைத் தப்பாக உச்சரித்துக்கொண்டு, பெருமையாக வாய் நிறையச் சொல்வார். அவருடைய கோட்டுப் பொத்தானில் பாரிஷ் முத்திரை பதித்திருக்கும். என்ன முத்திரை தெரியுமா, அடிபட்டு வழியில் கிடந்தவனுக்குக் காயம் கட்டுகிற நல்ல சமாரியன். முன்பின் தெரியாத வழிப்போக்கனுக்கு உதவின வேற்றினத்தானின் படத்தை நெஞ்சில் மாட்டிக்கொண்டு, இந்த ஏழை நம் ஊர் இல்லை என்று பார்க்கிற அலுவலர்கள். சொல்லின் இரண்டு முனைகளும் அந்தப் பொத்தானில் ஒன்றாக இருக்கின்றன.

குறுகிய மனசு என்ற பொருளில் பரோக்கியலும் பரோக்கியலிசமும் எழுத்தில் வருவது அதற்கப்புறம், 19ஆம் நூற்றாண்டின் நடுவில். இதைத்தான் தேதி போட்ட மேற்கோள்கள் உள்ள அகராதியில் சரிபார்க்கச் சொல்கிறேன். கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் தேதி முன்பின் மாறியிருந்தால் அந்தக் கதையை விட்டுவிட வேண்டும்.

ஒலியை நம்பாதீர்கள்

அகராதியில் பாரிஷுக்குக் கொஞ்சம் மேலே ‘பரையா’ என்று ஒரு சொல் இருக்கும். ஆங்கிலத்தில் அதற்கு ஒதுக்கி வைக்கப்பட்டவர் என்று பொருள். பாரிஷ், பரையா, ஒன்று ஊருக்குள், ஒன்று ஊருக்கு வெளியே, இரண்டும் ஒரே வேராக இருக்குமோ என்று தோன்றும். இல்லை. பரையா தமிழிலிருந்து போனது. பறை என்ற கருவியின் பெயரோடு சேர்ந்த ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரை ஐரோப்பியர்கள் 17ஆம் நூற்றாண்டில் எடுத்துக்கொண்டு போய், அந்தப் பெயரையே ‘யாரும் சேர்க்காதவர்’ என்பதற்குச் சொல்லாக்கிவிட்டார்கள். இன்றைக்கும் ஆங்கிலச் செய்திகளில் நாடுகளைப் பற்றிச் சாதாரணமாக அதை எழுதுகிறார்கள். நீங்கள் எழுதும்போது தயவுசெய்து அதைப் பயன்படுத்தாதீர்கள், அது உயிரோடிருக்கிற மனிதர்களின் பெயர்.

பரதேசியில் இருக்கிற ‘பர’வும் பரோய்க்கோஸில் இருக்கிற ‘பரா’வும் ஒன்றா என்றும் கேட்பார்கள். சமஸ்கிருதப் ‘பர’ இங்கே ‘வேறு’ என்று நிற்கிறது, வேறு தேசத்துக்காரர். கிரேக்கப் ‘பரா’ இங்கே ‘பக்கத்தில்’ என்று நிற்கிறது. காதுக்கு ஒன்றுபோல் கேட்கிறது என்பதை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம்.

உங்கள் மொழியில் அதே பயணம் போன சொல்லைத் தேடுங்கள்

பரதேசியை விட்டுவிட மனசில்லை. தமிழ்ப் பேரகராதியைத் திறந்து அதன் பொருள்களை வரிசையாகப் பாருங்கள். அயல்நாட்டான் என்ற பொருளிலிருந்து, ஊர் ஊராகப் போகும் துறவி, அப்புறம் பிச்சை எடுப்பவர் என்று நகர்ந்திருக்கிறது. பேச்சில் இப்போது அது வெறும் வசவு. ‘பஞ்சப் பரதேசி’ என்று திட்டுகிறோமே, அதை ஒருமுறை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். மழை பொய்த்து, ஊரில் சோறில்லாமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த சீமைக்கு நடந்து வந்தவர் அவர். அவரைப் பார்த்து ஊருக்குள் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்கள் வைத்த பெயர் வசவாகி நிலைத்துவிட்டது. சில வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளை குடையும் தடியுமாகக் காசிக்குப் புறப்படுகிற சடங்குக்கு இன்னும் ‘பரதேசிக் கோலம்’ என்றுதான் பெயர், அங்கே மட்டும் பழைய மரியாதை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆக ஒரே கிரேக்கச் சொல். ஆங்கிலத்தில் அது ஊருக்குள் இருப்பவரைக் குறை சொல்கிற சொல்லாகிவிட்டது. அதற்குத் தமிழில் போட்ட சொல்லோ, வந்தவரைத் திட்டுகிற சொல்லாகிவிட்டது. ஆங்கிலச் சொல்லின் போக்கு எனக்குக் கொஞ்சம் நியாயமாகப் படுகிறது.

மற்ற மொழிகளை ஒரு பார்வை பார்த்தால் போதும். இத்தாலியில் இந்த மனசுக்குக் ‘கம்பனிலிஸ்மோ’ என்று பெயர், கம்பனிலே என்றால் கோவில் மணிக்கூண்டு. பிரெஞ்சிலும் மணிக்கூண்டுப் புத்தி என்றுதான் சொல்கிறார்கள், ஜெர்மனியில் கோவில் கோபுர அரசியல். கோபுரம் தெரிகிற வரைக்கும், மணி கேட்கிற வரைக்கும்தான் ஊர் என்ற கணக்கு. இத்தாலிய ஊர்களில் அந்தச் சொல்லைக் கொஞ்சம் பாசத்தோடும் சொல்வதுண்டு.

அந்தப் பாசத்துக்கு ஆங்கிலத்திலும் ஒருவர் வாதாடியிருக்கிறார். ஐரிஷ் கவிஞர் பேட்ரிக் கவனா, மோனகன் வட்டாரத்து விவசாயக் குடும்பத்தில் 1904இல் பிறந்தவர். 1952இல் தான் நடத்திய வாரப் பத்திரிகையில், ‘பரோக்கியல்’ வேறு, ‘புரொவின்ஷியல்’ வேறு, இரண்டும் நேர் எதிர் என்று எழுதினார். புரொவின்ஷியல் ஆளுக்குச் சொந்த மனசு கிடையாது, தலைநகரம் என்ன சொல்கிறதோ என்று அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். பரோக்கியல் ஆள் தன் ஊரின் வாழ்க்கைக்குக் கவிதையாகிற தகுதி உண்டா என்று ஒருநாளும் சந்தேகப்படமாட்டார் என்பது அவர் வாதம். கரிசல் காட்டையும் தாமிரபரணிக் கரையையும் எழுதினவர்களைப் படித்து வளர்ந்த நமக்கு இது உடனே புரியும். அதனால் ஆங்கிலத்தில் யாராவது பரோக்கியல் என்று எழுதியிருந்தால், அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று முன்னும் பின்னும் இரண்டு பத்தி படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இனி தமிழில் எழுதுவது

இவ்வளவும் செய்த பிறகு ஒரே ஒரு தமிழ்ச் சொல்லைக் கண்டுபிடித்து எல்லா இடத்திலும் போடலாம் என்று நினைக்க வேண்டாம், அது நடக்காது. நான் வாக்கியத்துக்கு வாக்கியம் மாற்றுகிறேன். தேவாலய நிர்வாகம் பற்றியதென்றால் ‘பங்கு’, கட்டுரை தென்னிந்தியத் திருச்சபையைப் பற்றியதென்றால் ‘சேகரம்’. ஒருவருக்கு வெளியுலகமே தெரியாது என்று எழுதியவர் சொல்ல வந்திருந்தால் கிணற்றுத் தவளை பொருந்தும், ‘குண்டுச் சட்டிக்குள் குதிரை ஓட்டுகிறார்’ என்பதும் பொருந்தும். தெரிந்தும் அக்கறை எல்லையோடு நிற்கிறது என்றால் ‘தன் ஊர் எல்லைக்கு அப்பால் பார்க்காத’ என்று நீட்டியே எழுதுகிறேன். நீளம் போனாலும் பரவாயில்லை, பழி சரியான இடத்தில் விழ வேண்டும். ‘ஊர்ப்பற்று’ என்று போட்டால் குறையே காணாமல் போய்விடும். ‘பட்டிக்காட்டுத்தனம்’ என்று போட்டால் கிராமத்தில் பிறந்தவர்கள் அத்தனை பேர் மேலும் பழி விழும், அதனால் அதை எழுதுவதே இல்லை. கவனா சொன்ன பொருளுக்கு மட்டும் ‘மண்சார்ந்த’ என்று எழுதிப் பார்த்தேன். அது பக்கத்தில் வருகிறது, ஆனால் அந்தத் தைரியம் அதில் முழுசாக இறங்கவில்லை, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பழைய கட்டுரை மறுபதிப்புக்கு வந்தபோது ‘பங்குப் பள்ளி’ என்று திருத்திக் கொடுத்தேன்.